ஊருக்குப் போகும்போது ஏசியை எத்தனையில் விடுறது?

இந்தக் கிழமை எபிசோட்டில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பற்றிக் கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு கேள்விக்கு இங்கே பதில் எழுதுறன்: டொரொண்டோ வீட்டைப் பூட்டிவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்கு அஞ்சு கிழமை போறம், ஏசியை என்ன செய்யிறது?

எங்கட அம்மா, அப்பாவைக் கேட்டால், "எல்லாத்தையும் ஓஃப் பண்ணிப்போட்டு வா" என்பார்கள். நண்பர்கள் சிலர், "23-இலேயே விடு, திரும்பக் குளிராக்கத்தான் கூடக் கரண்ட் போகும்" என்பார்கள். ரெண்டுமே சரியில்லை.

வெளியே 31 டிகிரி, உள்ளே 23 என்றால், அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப வெப்பம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். உள்ளே 28 என்றால் வருகிற வெப்பம் குறைவு, ஏசிக்கு வேலையும் குறைவு. திரும்பி வந்ததும் சில மணித்தியாலம் அது விடாமல் ஓடும், உண்மைதான். ஆனால் அஞ்சு கிழமை மிச்சம் பிடித்ததை அது தின்னாது.

அப்ப ஏன் முழுசா ஓஃப் பண்ணக்கூடாது? ஈரப்பதன்தான் காரணம். ஏசி வெப்பத்தோடு சேர்த்துக் காற்றிலுள்ள ஈரத்தையும் எடுக்கும். ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்: பேஸ்மென்ட் கார்பெட், அலுமாரியில் தொங்கும் பரதநாட்டிய உடுப்பு, மிருதங்கத் தோல் எதையும் விடாது.

நான் செய்வது இதுதான்:

1. தெர்மோஸ்டாட் 28. "பெர்மனென்ட் ஹோல்ட்" அல்லது "வெக்கேஷன்" மோட் போடுங்கோ. வெறும் ஹோல்ட் போட்டால் சில மொடல்களில் அடுத்த ஷெடியூல் நேரத்தில் பழையபடி 23-க்குப் போய்விடும்.

2. 28-இல் ஏசி கடும் வெயில் நாட்களில்தான் ஓடும். அதனால் பேஸ்மென்டில் டீஹியுமிடிஃபையரை 50 சதவீதத்தில் விடுங்கோ. குழாயைத் தரையிலுள்ள வடிகாலுக்குள் விடவேணும். வாளி வைத்தால், அது நிறைந்ததும் மெஷின் தானாக நின்றுவிடும்.

3. மோஷன் சென்சர் இருந்தால் ஓஃப் பண்ணுங்கோ. பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்த வருகிற பக்கத்து வீட்டு ஆன்ரியைப் பார்த்து, நீங்கள் வந்துவிட்டதாக அது நினைக்கும்.

4. ஒன்டாரியோவில் நேரத்துக்கு நேரம் விலை மாறும் பிளானில் இருந்தால், கோடையில் வார நாட்களில் இரவு 7 மணி முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுக்கவும் கரண்ட் மலிவு. பியர்சனில் பின்னேரம் இறங்குகிறீர்களா? அன்று விடிய முதலே ஆப்பில் 24-க்கு மாற்றுங்கோ.

ஆனால் 28 ஆளில்லாத வீட்டுக்கு மட்டும்தான். எங்கட வீடுகளில் அம்மம்மா பயணம் ஏலாது என்று நின்றுவிடுவா. பேஸ்மென்டில் வாடகைக்கு ஆட்கள் இருப்பார்கள், தெர்மோஸ்டாட் மேலே இருக்கும். 2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் வயதானவர்கள், இறந்தது வீட்டுக்குள்ளே. வயதானவர் யாரும் நின்றால் 26-ஐத் தாண்ட விடாதேங்கோ. போனில் ஆப் இருக்கென்று இங்கிருந்து கட்டுப்படுத்தாமல், சுவரில் எதை அழுத்துவது என்று அவைக்கும் காட்டிவிட்டுப் போங்கோ.

அடுத்த கிழமை சந்திப்பம்.