சமவெளிக்கு இறங்கிய ஊட்டிக் காய்

தமிழ்நாட்டிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தால் சற்று தூரத்தில் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. மாநிலம்தான் கேரளம், காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். மண்ணும் அப்படியே: குறைந்த மழை, ஆங்காங்கே கரிசல், தென்னை, நிலக்கடலை. இந்த வெக்கை பூமியில், வீட்டுப் புழக்கடையில் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் விளையும் என்றால் முந்தைய தலைமுறை சிரித்திருக்கும்.

இந்த வழியே வரும் லாரிகளில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் மேல் எதை, எப்போது, எத்தனை முறை தெளித்தார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எண்டோசல்ஃபானால் காசர்கோடு பட்ட பாடும், 2011-ல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும் கேரள வீடுகளில் அந்தப் பயத்தை ஆழமாக விதைத்தன. மற்ற காய்களுக்கு மாற்று வழி எளிது: கத்தரியும் வெண்டையும் வீட்டிலேயே வரும். குளிர் கேட்கும் காய்களுக்கு?

அவற்றுக்கு மலைதான் இடம் என்பது பழைய தீர்ப்பு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்குப் போய், அடுத்த ஆண்டுகளில் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டார். 'ஊட்டிக் காய்' என்ற பெயர் அந்த வழியில் வந்தது. கேரளத்தில் அதே வேலையை இடுக்கியின் வட்டவடையும் காந்தளூரும் செய்கின்றன. அங்கே விளையும் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் வடக்கே வேறொரு கதை நடந்தது. 1822-ல் இங்கிலாந்திலிருந்து சஹாரன்பூர் தோட்டத்துக்குக் காலிஃபிளவர் விதை வந்தது. வெயிலைத் தாங்கிப் பூத்த செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்து, வட இந்திய விவசாயிகள் பல பத்தாண்டுகளில் ஒரு புது வகையையே உருவாக்கிவிட்டார்கள். ஐரோப்பிய ரகங்கள் வெறும் இலையாக நிற்கும் 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலும் இவை பூ வைக்கும். பூசா மேக்னா அந்த வழி வந்த ரகம். முட்டைக்கோஸிலும் என்.எஸ். 43, 160, 183 போன்ற வெயில் தாங்கும் வீரிய ரகங்கள் வந்தன. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இவற்றைச் சமவெளிக்கே பரிந்துரைக்கிறது.

தேதியே பாதி விளைச்சல்

செப்டம்பரில் நாற்று விட வேண்டும். 20 முதல் 25 நாளில், நாலைந்து இலை வந்ததும், அக்டோபரில் நடவு. இடைவெளி 60-க்கு 45 செ.மீ. சுமார் இரண்டு மாதத்தில், டிசம்பர் குளிரில், கோஸ் உருளத் தொடங்கும். டிசம்பரில் நட்டால் பூக்கும் நேரம் மார்ச் வெயிலில் விழும். மிஞ்சுவது இலை, அல்லது பட்டன் அளவுக்கு ஒரு பூ. காரட், முள்ளங்கி, பீட்ரூட்டுக்கு நேரடி விதைப்பே நல்லது. காரட்டைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளை விட்டுக் கோணும்.

சித்தூருக்கு என்று சில கணக்குகள் உண்டு. கேரளத்தின் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு கட்டாயம். இங்குள்ள கரிசலுக்குப் பொதுவாகத் தேவைப்படாது. அந்தக் கரிசல் வடகிழக்குப் பருவமழையில் நீரைப் பிடித்து வைக்கும் என்பதால் நாற்று பார் மேல்தான் நிற்க வேண்டும். டிசம்பர் பிறந்தால் எதிர்ப்பிரச்சினை: பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காய்ந்த கிழக்குக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். கிழக்கே ஒரு வரிசை அகத்தியோ சோளமோ, செடியடியில் தென்னை ஓலை மூடாக்கோ போட்டால் தாக்குப்பிடிக்கும்.

புழுவோடு போட்டி

உண்மையான சோதனை வைரமுதுகு அந்துப்பூச்சி. மருந்துக்குப் பழகிப்போவதில் உலகப் பெயர் எடுத்தது. 1950-களிலேயே ஜாவாவில் டி.டி.டி.யைத் தோற்கடித்தது. மலைத்தோட்டங்களில் தெளிப்பு கூடுவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. கடைக்கு அனுப்பும் கோஸில் ஓட்டை இருக்கக் கூடாது என்பது விவசாயியின் நெருக்கடி.

புழக்கடைக்கு அந்த நெருக்கடி இல்லை. இருபது செடியானால் தினமும் இலையைப் புரட்டிப் புழுவைக் கையால் எடுக்கலாம். ஓரத்தில் கடுகு விதைத்தால் அந்துப்பூச்சி முட்டையிட முதலில் அங்கே போகும். நடவுக்கு 15 நாள் முன்பே கடுகு முளைக்க வேண்டும். புழு கண்ட கடுகைக் கவனிக்காமல் விட்டால் அதுவே பூச்சிப் பண்ணையாகும். அதற்கு மேல் தேவைப்பட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் தண்ணீருக்கு இடித்த வேப்பம்பருப்பு அரை கிலோ.

இருபது செடி ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவையைத் தீர்க்காது. பிப்ரவரி தாண்டினால் மறுபடி லாரிக் காய்தான். ஆனால் தைப் பொங்கலையொட்டி அறுக்கும் அந்தக் கோஸ் சின்னதாக இருக்கலாம், மேலிலையில் ஓட்டையும் இருக்கலாம். அதன் மேல் என்ன பட்டது என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.