சாப்பாட்டுக்கு எதற்கு முகமும் விரலும்?

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் செல்ம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கிறது செல்மர் வேலி உயர்நிலைப் பள்ளி. 11 முதல் 18 வயது வரை ஏறத்தாழ 1,200 பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். 2023 மார்ச்சில் அந்தப் பள்ளி மதியச் சாப்பாட்டுக்குப் பணம் வாங்க ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிள்ளை கேன்டீன் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றால் போதும். கேமரா முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்து, கணக்கிலிருந்து பணத்தைக் கழித்துவிடும். பெற்றோருக்கு ஒரு கடிதம் போனது. இதில் விருப்பமில்லாதவர்கள் மட்டும் சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது அந்தக் கடிதம். அனுப்பாதவர்கள் எல்லாரும் சம்மதித்ததாகக் கணக்கு வைக்கப்பட்டது.

பள்ளியிலிருந்து வரும் சீட்டுகள் எத்தனை வீட்டில் பெற்றோர் கைக்கு ஒழுங்காக வந்து சேர்கின்றன? பல நாள் புத்தகப் பையின் அடியிலேயே கசங்கிக் கிடக்கும். பதில் வராததை "சரி" என்று எடுத்துக்கொண்டு ஒரு குழந்தையின் முகத்தைக் கணினியில் ஏற்றுவது எந்த வகையிலும் நியாயமில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் அதையே சொன்னது. 2024 ஜூலையில் அந்தப் பள்ளிக்கு எழுத்துமூலமான கண்டனம் வந்தது. தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஆபத்து மதிப்பீட்டைச் செய்யவில்லை, முறையான சம்மதம் வாங்கவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். இன்னொன்றையும் அலுவலகம் சுட்டிக்காட்டியது. அங்குள்ள மாணவர்களில் பெரும்பாலோர் தாங்களே முடிவெடுக்கும் வயதுடையவர்கள். அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

பிள்ளைகளின் உடல் அடையாளத்தை வாங்குவது பிரிட்டிஷ் பள்ளிகளுக்குப் புதிதல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கைரேகை வைக்கும் வழக்கம் அங்கே வந்துவிட்டது. பிறகு அது கேன்டீனுக்கும் வருகைப்பதிவுக்கும் பரவியது. பிள்ளையின் ரேகை எடுக்கப்பட்ட செய்தியே பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் பல பெற்றோருக்குத் தெரிந்தது. 2012-13 கல்வியாண்டில் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கைரேகை வாங்கப்பட்டிருக்கும் என்று 'பிக் பிரதர் வாட்ச்' என்ற அமைப்பு மதிப்பிட்டது.

பெற்றோர்கள் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். 2012-இல் இயற்றப்பட்ட சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் சேர்ந்தன. 2013 செப்டம்பர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவை நடைமுறையில் உள்ளன. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உடல் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் தாய் தந்தை இருவருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒருவராவது எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மற்றவர் மறுத்தால் எடுக்கக் கூடாது. பெற்றோர் இருவரும் சம்மதித்திருந்தாலும் பிள்ளை "மாட்டேன்" என்று சொன்னால் அங்கேயே முடிந்தது. மறுத்த பிள்ளைக்கு அட்டை, ரகசிய எண் என்று வேறு வழி செய்து தருவதும் பள்ளியின் கடமை. பத்து வயதுப் பிள்ளையின் "மாட்டேன்" என்ற சொல்லுக்குச் சட்டம் இவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறது. மற்ற நாடுகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரேகை வைக்கும்போது என்ன நடக்கிறது? பிள்ளை சிறிய கண்ணாடிப் பரப்பின்மேல் விரலை வைக்கிறது. விரலின் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று மென்பொருள் பார்க்கிறது. அந்தப் புள்ளிகளின் இடத்தையும் திசையையும் எண்களாக மாற்றிச் சேமிக்கிறது. மறுநாள் அதே விரல் வந்தால் எண்கள் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுகிறது. படத்தைச் சேமிக்கவில்லை, எண்களைத்தான் சேமிக்கிறோம், அந்த எண்களிலிருந்து ரேகையைத் திரும்ப வரைய முடியாது என்று விற்பனையாளர்கள் பெற்றோரிடம் சொல்வது வழக்கம். ஆனால் சேமித்த புள்ளிகளிலிருந்து ரேகைப் படத்தை மீண்டும் உருவாக்க முடியும் என்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனில் ஜெயின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-லேயே காட்டிவிட்டார்கள்.

பாதுகாப்பாக வைத்திருப்போம் என்ற வாக்குறுதியையும் அப்படியே நம்பிவிட முடியாது. அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடு போனது 2015-இல் வெளியே தெரிந்தது. ஓர் அரசாங்கத்தாலேயே காப்பாற்ற முடியாததை, ஒரு பள்ளியும் அது அமர்த்திய சிறு நிறுவனமும் காப்பாற்றும் என்று எதை வைத்து நம்புவது? கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், வங்கி அட்டை தொலைந்தால் புதிது வாங்கலாம். ஏழு வயதில் வெளியே போன ரேகை, எழுபது வயதிலும் அந்த மனிதருடையதுதான்.

பள்ளிகள் சொல்லும் காரணங்களையும் தள்ளிவிடக் கூடாது. சிறு பிள்ளைகள் அட்டையைத் தொலைக்கிறார்கள், எண்ணை மறக்கிறார்கள். சாப்பாட்டு வரிசை நீளுகிறது. பிரிட்டனில் வறிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மதிய உணவு இலவசம். எல்லாரும் ஒரே மாதிரி விரலை வைத்துவிட்டுப் போனால், யார் இலவசச் சாப்பாட்டுப் பிள்ளை என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இது நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அட்டை கொடுத்தாலும் அந்த மானம் காப்பாற்றப்படும். 2021 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் நார்த் அயர்ஷையர் பகுதியில் ஒன்பது பள்ளிகள் கேன்டீனில் முகம் பார்க்கும் கேமராவை வைத்தபோது, ஒரு பிள்ளைக்குச் சராசரியாக ஐந்து நொடிதான் ஆகும் என்பதைப் பெருமையாகச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். சில நொடி மிச்சப்படுத்த முகத்தை அடகு வைக்கச் சொல்வது அதிகப்படியான விலை.

சம்மதம் என்றால் என்ன என்பதை ஆழமாக யோசித்த நாடு ஸ்வீடன். ஷெல்லெஃப்டியோ நகராட்சியின் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 22 மாணவர்களின் வருகையை மூன்று வாரம் கேமராவால் பதிவு செய்து பார்த்தார்கள். கேட்டுத்தான் செய்தோம், சம்மதம் இருக்கிறது என்றது நகராட்சி. தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கவில்லை. மதிப்பெண்ணும் சான்றிதழும் பள்ளியின் கையில் இருக்கும்போது மாணவர் கொடுக்கும் சம்மதம் சுதந்திரமானது ஆகாது என்று சொல்லி, 2019 ஆகஸ்டில் 2 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாக்போர்ட் பள்ளிகள் பாதுகாப்புக்காக என்று முகம் பார்க்கும் கேமராக்களை இயக்கியபோது பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்த மாநிலம் பள்ளிகளில் அந்தத் தொழில்நுட்பத்தையே தடை செய்தது.

இந்தியப் பெற்றோருக்கு இந்த விவகாரம் ஆதார் வழியாக வந்து சேர்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரும் நீல நிற ஆதாருக்குக் கைரேகை எடுப்பதில்லை. பெற்றோரின் ஆதாரே ஆதாரம். ஐந்து வயதானதும் விரல், கண் இரண்டையும் பதிய வேண்டும், 15 வயதில் மறுபடி புதுப்பிக்க வேண்டும். இந்தப் பதிவுக்குப் பள்ளிகளிலேயே முகாம் போடுகிறார்கள். வகுப்பாசிரியர் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் அனுப்புவதுதான் நம் வீடுகளின் வழக்கம். ஆனால் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமல்ல, பிள்ளையை ஆதாரில் சேர்க்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், ஆதார் இல்லை என்பதற்காக எந்த நலத்திட்டத்தையும் ஒரு குழந்தைக்கு மறுக்கக் கூடாது. 2019-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளை தன் ஆதாரை ரத்து செய்யக் கோரலாம். இந்த உரிமை இருப்பதைப் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம் யாராவது சொல்கிறார்களா?

தனியார் பள்ளிகள் தாமாக வைக்கும் ரேகைக் கருவிக்கும் முகக் கேமராவுக்கும், இங்கிலாந்தில் இருப்பதுபோல் தனிச் சட்டம் இங்கே இல்லை. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிறுவனங்கள் செய்யும் கண்காணிப்புக்கு விலக்குக் கொடுத்திருக்கின்றன. "பாதுகாப்பு" என்று பெயர் வைத்தால் எதையும் அதற்குள் நுழைத்துவிடலாம். பெற்றோரைக் கேட்க வேண்டிய இடத்திலேயே கதவு திறந்து விடப்பட்டிருக்கிறது. அதை மூடினால்தான் அந்தச் சட்டத்துக்குப் பொருள் உண்டு.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பள்ளி ஒப்புதல் படிவம் அனுப்பினால் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேளுங்கள்: எதற்காக எடுக்கிறீர்கள், எந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கும், பிள்ளை பள்ளியை விட்டதும் எத்தனை நாளில் அழிப்பீர்கள், வேண்டாம் என்றால் என் பிள்ளைக்கு என்ன மாற்று வழி? அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.