வழிதவறி வீட்டினுள் வரும் ஆறுமணிக் குருவி

வாடைக்காற்றுத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே, விடியற்காலையில் விறாந்தையிலோ குசினி மூலையிலோ, பல நிறங்களையுடைய சிறு பறவையொன்று ஒடுங்கி நிற்பதைக் கண்டோர் நம் நாட்டிற் பலராவர். முதுகு பச்சை, கண்ணருகே கரிய பட்டை, கழுத்து வெண்மை, வால் குறுகியது, வாலின் அடிப்புறம் செந்நிறம். இத்துணை அழகிய பறவை யாரோ வளர்த்த கூட்டிலிருந்து தப்பி வந்திருத்தல் வேண்டுமென்றே வீட்டார் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. இது ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணியளவிற் சீழ்க்கை போலக் குரலெழுப்புவதால் இப்பெயர் பெற்றது. தன் அழகிய ஆடையை மயில் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடாமையாலேயே இது கூவித் திரிகின்றதெனச் சிங்கள மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. எஞ்சிய ஆடையே இவ்வளவாயின், இழந்தது எத்தகையதோ!

இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிக் காடுகளிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் இக்குருவி, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, சித்திரை மாதமளவில் திரும்பிச் செல்லும். உடல் நீளம் ஏறக்குறைய 19 சதமமீற்றர். எடை 50 முதல் 65 கிராம் வரையே. தரையில் நடந்தும் தத்தியும் வாழ்வதற்கேற்ற நீண்ட கால்களையுடைய இப்பறவை, இரவிலே கடல் கடந்து பறந்து வருகின்றது. களைத்து வரும் வேளையிற் காற்றினால் அலைக்கப்பட்டும், வீட்டு விளக்கொளியால் மயங்கியும், கண்ணாடி யன்னலில் மோதியும் வழிதவறி வீழ்கின்றது. கொழும்பு போன்ற நெருக்கமான நகரத்து வீடுகளிலும் இது காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

இவ்வாறு வரும் பறவைகளுட் சில, களைப்பினாலன்றி, வீட்டாரின் இரக்கத்தினாலேயே இறக்கின்றன. கண்டவுடன் அலகைத் திறந்து நீர் வார்ப்பது வழக்கமாயிருக்கின்றது. பறவையின் மூச்சுக்குழல் நாவின் அடியிலேயே திறக்கின்றது. ஆகவே வார்க்கும் நீர் நுரையீரலுட் சென்று அதனைக் கொன்றுவிடும். பாலில் நனைத்த பாணும் ஆகாது. பாலைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை. பிள்ளைகள் ஆசையோடு மார்பைச் சுற்றி இறுகப் பிடிப்பர். பறவைக்கு நம்மைப்போல மூச்சை இயக்கும் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தாலன்றி அது சுவாசிக்கமாட்டாது. நோவு தோன்றாதவாறு சற்று அழுத்திப் பிடித்தாலும் மூச்சடைத்துவிடும்.

முதலிற் செய்யவேண்டியது மின்விசிறியை நிறுத்துதல். அறையினுட் பறந்து திரியும் பறவைக்கு அதனிலும் பெரிய ஆபத்தில்லை. பூனையையும் நாயையும் வெளியேற்றுக. பகலாயின், பிற யன்னல்களைத் திரையிட்டு மறைத்து, ஒரு யன்னலை மாத்திரம் முழுவதும் திறந்துவிட்டு, எல்லோரும் அறையை விட்டு நீங்குதல் நன்று. வலிமையுள்ள பறவை ஒளியை நோக்கித் தானே சென்றுவிடும். துரத்தி வெளியேற்ற முயலுதல் கூடாது.

பறக்க முயலாது ஒடுங்கி நிற்பதாயின், மெல்லிய துணியொன்றை அதன்மேற் போர்த்தி, இரு கைகளாலும் இலேசாக எடுத்து, மூடியுள்ள அட்டைப்பெட்டியில் விடுதல் வேண்டும். பெட்டியின் பக்கங்களிற் சிறு துளைகள் இட்டு, கால் வழுக்காதபடி அடியிற் பழைய துணியோ சாக்கோ விரித்துக்கொள்க. கம்பிக்கூடு உதவாது, வெளியே பார்த்து மிரண்டு கம்பிகளில் மோதிச் சிறகுகளை முறித்துக்கொள்ளும். பெட்டியை மூடி, ஆளரவமற்ற இடத்தில் வைத்துவிடுக. இருளும் அமைதியுமே அதற்கு வேண்டிய மருந்து. அடிக்கடி திறந்து பார்ப்பது நம் மனத்துக்கு ஆறுதலாகலாம். பறவைக்கு ஒவ்வொரு முறையும் அது புதிய அச்சமே.

ஓரிரு மணி நேரத்தின் பின் பெட்டியினுள் அது நிமிர்ந்து நின்று அசைவது கேட்கும். பகலாயின், மழையில்லாத வேளையில், வளவிலே நிழலும் சருகுமுள்ள மரத்தடிக்குப் பெட்டியைக் கொண்டுசென்று, தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகுக. மேலே வீசியெறிதல் தகாது. இரவில் வந்ததாயின் விடியும்வரை வைத்திருக்கலாம். அப்போது ஆழமற்ற தட்டில் நீரும், மண்புழு அல்லது கறையான் சிலவும் பெட்டியினுள் வைத்தாற் போதும். சோறும் தானியமும் இதன் உணவல்ல.

பூனை கௌவிய பறவையின் நிலை வேறு. காயம் ஊசிமுனையளவே இருப்பினும், பூனையின் வாயிலுள்ள கிருமிகள் ஓரிரு நாளில் அதனைக் கொல்லவல்லன. தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். சிறகு தொங்கினும் அவ்வாறே செய்க. வீட்டில் வைத்துக் கட்டுப்போட முயலவேண்டாம்.

கோழி வளர்ப்போர் ஒன்றை மறவாதிருக்க. வெளியிலிருந்து வந்த எப்பறவையையும் கோழிக்கூட்டின் அருகே வைத்தலாகாது. இராணிக்கெட் முதலிய நோய்களைக் காட்டுப்பறவைகளும் கொண்டுவரக்கூடும். கையாண்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, விரித்த துணியை எரித்துவிடுவது நன்று.

வந்தது காலில் வளையமணிந்த புறாவாயின், அது பந்தயப் புறாவாயிருக்கலாம். தானியமும் நீரும் கொடுத்து ஒரு நாள் இளைப்பாறவிட்டால், பெரும்பாலும் தன் வீட்டை நோக்கித் தானே பறந்துவிடும்.

ஆறுமணிக் குருவியை அழகுக்காகக் கூண்டிலடைத்து வைத்துக்கொள்ள விரும்புவோர் உளர். 1937 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி அது குற்றமாகும். அன்றியும், நாள் முழுவதும் சருகுகளைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்னும் இப்பறவை கூட்டினுள் நெடுநாள் உயிர் வாழ்வதுமில்லை. வளவிலே அது செய்யும் வேலை கமக்காரனுக்குக் கூலியின்றிக் கிடைப்பது. தோட்டத்து ஓரத்திற் சருகை முழுவதும் கூட்டி எரிக்காது சிறிது விட்டுவைப்போர், பங்குனி வரை காலையிலும் மாலையிலும் அதன் குரலைக் கேட்கலாம். ஒரு நாளின் பின்னும் பறக்கமாட்டாத பறவையை, அயலிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்திற்கு அறிவித்து, அதே பெட்டியில் வைத்து ஒப்படைத்தல் வேண்டும்.