தெரியுமா? தாயின் வயிற்றிலேயே விழும் முதல் புள்ளி!

திருச்சி மலைக்கோட்டையில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படியேறினால், உச்சிப் பிள்ளையாருக்கு முன்பே தாயுமானவர் சன்னதி வந்துவிடும். காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே அம்மா நின்றுவிட, மகள் ரத்னாவதிக்கு ஈசனே அம்மாவாக வந்து பிரசவம் பார்த்த தலம். சுகப்பிரசவம் வேண்டி இன்றும் இங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கிறோம். நாம் இப்படிப் பிரசவத்தை நினைத்து வேண்டிக்கொள்கிறோம்; ஆனால் பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயின் முதல் புள்ளி, பல நேரம் தாயின் வயிற்றிலேயே விழுந்துவிடுகிறது என்பது தெரியுமா?

பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தச் சொட்டை அட்டையில் ஒற்றிப் பத்திரப்படுத்துவார்கள். பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பழைய அட்டைகளை 1990களில் தேடி எடுத்துப் பார்த்தபோது ஆராய்ச்சியாளர்கள் திகைத்துப் போனார்கள். நோய்க்கு வித்திடும் மரபணுப் பிசகு, பிறந்த சில நாளிலேயே அந்தச் சொட்டில் இருந்தது! அதைவிட ஆச்சரியம், நூறு குழந்தைகளில் ஒன்றாவது இப்படியொரு பிசகோடு பிறக்கிறது. அப்படிப் பிறக்கும் நூறு பேரில் நோய் வருவது ஏறக்குறைய ஒருவருக்குத்தான். மற்றவர்கள் தெருவில் ஓடியாடி வளர்ந்துவிடுகிறார்கள். நோய் வர, இரண்டாவது பிசகு ஒன்று பிறகு சேர வேண்டும். கைக்குழந்தைப் பருவத்தில் சாதாரணக் கிருமிகளோடு பழகாத உடம்பு, பின்னால் ஒரு தொற்று வரும்போது தடுமாறுவதுதான் அதற்குக் காரணம் என்பது பிரிட்டன் விஞ்ஞானி மெல் கிரீவ்ஸ் முன்வைத்த கருத்து.

சரி, இந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது? ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் மாறுகிறது! பணக்கார நாடுகளில் 15 வயதுக்குட்பட்ட பத்து லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சுமார் 40 முதல் 50 பேர். மெக்சிகோ, கோஸ்டா ரிகா பக்கம் இன்னும் அதிகம். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இதன் முக்கிய வகை, வெள்ளையினப் பிள்ளைகளுக்கு வருவதில் பாதியளவுதான். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் எண்ணிக்கை மிகக் குறைவு. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இந்த நோய் குவிவது பிரிட்டனில் 1920களில் கண்ணில் பட்டது, அமெரிக்காவில் 1940களில், ஜப்பானில் 1960களில். வசதி பெருகப் பெருக அந்தக் குவியலும் எழுந்திருக்கிறது!

நம் திருச்சிக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 27 லட்சம் பேர். கால்வாசிப் பேர் 15 வயதுக்குள் என்று வைத்துக்கொண்டால் ஆறே முக்கால் லட்சம் பிள்ளைகள். அந்தப் பணக்கார நாட்டு விகிதத்தையே போட்டால் ஆண்டுக்குச் சுமார் முப்பது பேர். ஒரு பள்ளி வகுப்பறை நிறையும்!

இங்கேதான் மனசு கேட்கவில்லை. ஏழை நாடுகளில் எண்ணிக்கை குறைவு என்றால், நோயே குறைவா, கண்டுபிடிப்பது குறைவா? இரண்டும்தான். மலேரியா, டைபாய்டு, ரத்தசோகை என்றே நினைத்துச் சிகிச்சை பார்த்து, பெயர் தெரியாமலேயே போய்விடும் பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பொதுவாகவே இந்த நோய் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். ஆனால் இந்திய ஆஸ்பத்திரிகளில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. அத்தனையும் இயற்கையின் வேலையாக இருக்க முடியாது. அழைத்து வரப்படாத பெண் பிள்ளைகளும் அதற்குள் இருக்கிறார்கள்.

மருந்தின் கதையிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரினைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிகமாகவாவது நோய் பின்வாங்கியதென்று 1948இல் உலகுக்குச் சொன்னார். இன்னொரு மருந்து வின்கிறிஸ்டின். அது கிடைப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து! ஆமாம், ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்து நிற்கிறதே, அதே ரோஜா நிறப் பூச்செடிதான். (இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்.) பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கி வைத்தார். டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். வசதியுள்ள நாடுகளில் இன்று இந்த நோயின் முக்கிய வகை வந்த பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்!

நோயைக் கண்டுபிடிக்கும் முதல் படி எவ்வளவு எளிது பாருங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைக்கிறார்கள். நல்ல ரத்தமென்றால் இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளையணு. இந்த நோயில் பெரும்பாலும் முற்றாத ஊதா அணுக்கள் அப்பிக் கிடக்கும்.

பிள்ளை வெளுத்துப் போகிறதா? இரண்டு வாரமாகியும் காய்ச்சல் விடவில்லையா? அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டா, ஈறில் ரத்தமா? நன்றாக நடந்த குழந்தை கால் வலிக்கிறதென்று தூக்கச் சொல்கிறதா? திருஷ்டி கழித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்கோ, தில்லைநகர் டாக்டரிடமோ போய் முழு ரத்தப் பரிசோதனை எடுங்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. பெண் குழந்தையானாலும் அதே வேகத்தில் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.