சுவாசத் தொற்றும் ரத்தக் குறிப்பான்களும்

வைரஸால் வரும் சுவாசத் தொற்றில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் ஏழாம், எட்டாம் நாளில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாளில் இரு சாராருக்கும் அதே காய்ச்சல், அதே இருமல், அதே உடல்வலி. பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாது. யாருக்கு நோய் முற்றும் என்பதை முன்கூட்டி ஊகிக்க உதவும் ரத்த அளவுகளே ரத்தக் குறிப்பான்கள். வழக்கமாகக் கேட்கப்படும் குறிப்பான்களில் எதுவும் வைரஸை அளப்பதில்லை. கல்லீரல், வெள்ளணுக்கள், ரத்தக் குழாய்களின் உட்சுவர் ஆகியவை வைரஸுக்கு என்ன பதில் தருகின்றன என்பதையே அவை அளக்கின்றன. ஃப்ளூவிலும் கோவிட்டிலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தப் பதிலின் மிகைதான் என்பதால் அந்த அளவுகளுக்கு மதிப்பு உண்டு.

இவற்றில் முதலாவது சி-ரியாக்டிவ் புரதம் எனப்படும் சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் சி என்னும் சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிந்ததால் இந்தப் பெயர் வந்தது. நோய் முற்றியிருக்கும்போது ரத்தத்தில் தென்பட்டு, குணமானதும் அது மறைந்துபோனதையும் அவர்கள் அப்போதே கவனித்தார்கள். வெள்ளணுக்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞை கல்லீரலை எட்டியதும் இந்தப் புரதம் உற்பத்தியாகிறது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சத்தைத் தொடும். ரத்தத்தில் இதன் அரைவாழ்வு சுமார் 19 மணி நேரம். உடல்நிலை எப்படி இருந்தாலும் அந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அளவு கூடுவதும் குறைவதும் கல்லீரல் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. ஒரு நாள் அளவைவிட அடுத்தடுத்த நாள்களின் போக்கு அதிகம் சொல்வதற்குக் காரணம் இதுதான். நலமுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும். சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் இது ஓரளவு ஏறும். 100ஐத் தாண்டினால் கடுமையான பாக்டீரியா தொற்றோ, நுரையீரலில் பெரும் அழற்சியோ இருக்கக்கூடும்.

இரண்டாவது குறிப்பான், எந்தச் சிறு ஊர் ஆய்வகத்திலும் எடுக்கக்கூடிய ரத்த அணுக்களின் எண்ணிக்கை. வைரஸோடு போராடும் வெள்ளணுக்களில் முக்கியமானவை லிம்போசைட்டுகள். கடும் தொற்றில் அவை கூடும் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் குறைகின்றன. ஒரு பகுதி ரத்தத்தை விட்டு நுரையீரலுக்குப் போய்விடுகிறது, ஒரு பகுதி அழிகிறது. கோவிட் பரவலின் தொடக்கத்தில் சீனாவில் 1,099 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனையில் சேரும் நேரத்திலேயே 100க்கு 83 பேருக்கு இவை ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500க்கும் கீழே இருந்தன. அதே நேரத்தில் நியூட்ரோபில் என்னும் மற்றொரு வகை வெள்ளணு கூடுகிறது. நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். நலமுள்ளவருக்கு அது பொதுவாக 1 முதல் 3 வரை. நோய் முற்ற முற்ற அது ஏறுகிறது. கூடுதல் செலவே இல்லாத இந்தக் கணக்குக்கு உரிய மதிப்பு இன்னும் பல இடங்களில் தரப்படவில்லை.

எல்.டி.ஹெச். எனப்படும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் எல்லாச் செல்களுக்குள்ளும் இருக்கும் நொதி. செல் உடைந்தால் வெளியே கசியும். நுரையீரல் செல்கள் சிதைவதை அது காட்டும், ஆனால் எந்த உறுப்பின் செல் என்று சொல்லாது. ரத்தம் எடுக்கும்போது ஊசிக்குள் சிவப்பணுக்கள் உடைந்தாலும் அளவு பொய்யாக ஏறும். ஃபெரிட்டின் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். அழற்சியிலும் பெருகும்.

டி-டைமர் சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற இழைகள் பின்னிக்கொள்கின்றன. பின்னர் உடல் அந்த வலையைக் கரைக்கும்போது மிஞ்சும் துண்டுதான் டி-டைமர். ஆகவே இதன் உயர்வு, உடலில் எங்கோ ரத்தம் உறைந்து கரைகிறது என்று சொல்கிறது. 2020 மார்ச்சில் வூஹான் நகரின் இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த 191 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். சேரும்போதே டி-டைமர் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது மரணத்தோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. அதற்குப் பிறகு உலகமெங்கும் இந்தப் பரிசோதனை பரவியது. ஆனால் முதுமை, கர்ப்பம், அறுவை சிகிச்சை, புற்றுநோய் எல்லாமே இதை ஏற்றும். அளவுமுறையும் இரண்டு உண்டு. ஒன்றில் வரும் எண் மற்றதில் ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். ஓர் ஆய்வகத்தின் சீட்டை இன்னோர் ஆய்வகத்தின் சீட்டோடு வைத்து ஒப்பிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த அளவுமுறையைத்தான்.

குறிப்பான் உயர்ந்திருந்தால் அதைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் போதும் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. பிரேசிலில் டி-டைமர் உயர்ந்திருந்த 615 கோவிட் நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு ரிவராக்ஸபன் உள்ளிட்ட ரத்த உறைவுத் தடுப்பு மருந்து முழு அளவில் தரப்பட்டது. முடிவு 2021இல் வெளியானது. நோயாளிகளுக்குப் பலன் கூடவில்லை, ரத்தக்கசிவு மட்டும் கூடியது. டி-டைமர் ஆபத்தைச் சுட்டியது உண்மை. ஆனால் எந்த மருந்து என்பதை அந்த எண் தீர்மானித்துவிடவில்லை.

சி.ஆர்.பி. விஷயத்தில் கதை வேறு. இங்கிலாந்தின் ‘ரெகவரி’ ஆய்வில், ஆக்சிஜன் அளவு குறைந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 4,116 பேர் டோசிலிசுமாப் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இன்டர்லூக்கின்-6 செயல்படுவதைத் தடுக்கும் மருந்து அது. 28 நாள்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 35 சதவீதத்தினரும், மருந்து பெற்றோரில் 31 சதவீதத்தினரும் இறந்தார்கள். இங்கே குறிப்பான், மருந்து யாருக்குப் பயன்படும் என்று ஆளைத் தேர்ந்தெடுக்க உதவியது.

சிகிச்சை தொடங்கிய பிறகு எண்களின் பொருளே மாறிவிடுகிறது. டோசிலிசுமாப் கொடுத்தபின் கல்லீரலுக்குச் சமிக்ஞை எட்டாது. நோயாளி தேறினாலும் தேறாவிட்டாலும் சி.ஆர்.பி. சரிந்துவிடும். புதிதாக ஒரு பாக்டீரியா தொற்று நுழைந்தாலும் அந்த எண் அமைதியாகவே இருக்கும். டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு, நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டைக் குறைக்கும் என்பதால் அவற்றின் விகிதமும் தடுமாறும். சீட்டில் இருக்கும் எண்ணோடு, அன்றுவரை என்ன மருந்து தரப்பட்டது, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் அது வெறும் எண்தான்.

வைரஸ் நோயாளிக்கு ஆன்ட்டிபயாட்டிக் தேவையா என்ற கேள்விக்கு வேறொரு குறிப்பான் துணைநிற்கிறது. கால்சிட்டோனின் ஹார்மோனின் முன்வடிவமான புரோகால்சிட்டோனின், பாக்டீரியா தொற்றில் பல மடங்கு பெருகுகிறது. வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா அந்தப் பெருக்கத்தை அடக்குகிறது. எனவே குறைந்த அளவு ஓரளவு நம்பிக்கை தரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குத் தொற்று இல்லாமலே இது உயர்ந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தனித்தனி எண்கள் போதாதபோது அவற்றைச் சேர்த்து மதிப்பெண் போடும் முறைகள் வந்தன. வூஹானின் 485 நோயாளிகளின் தரவிலிருந்து, எல்.டி.ஹெச்., லிம்போசைட் சதவீதம், சி.ஆர்.பி. ஆகிய மூன்றை மட்டும் வைத்து 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாக மரணத்தைக் கணிக்கும் ஒரு கணினி முறை 2020இல் வெளியாகிப் பரபரப்பை உண்டாக்கியது. நெதர்லாந்து, பிரான்ஸ், நியூயார்க் மருத்துவர்கள் அதைத் தங்கள் நோயாளிகளிடம் சோதித்தபோது அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் இருந்த காலத்தின் கடைசி ரத்த மாதிரிகளைக் கொண்டே அந்த முறை பயிற்றுவிக்கப்பட்டிருந்தது. இறப்பை நெருங்கியவரின் ரத்தம் அபாயத்தைக் காட்டுவதில் வியப்பில்லை. சேரும் நாளன்றே சொல்வதுதான் கடினம்.

அந்தக் கடினமான வேலையைப் பிரிட்டனின் ‘4சி’ மதிப்பெண் ஓரளவு செய்தது. 35,463 நோயாளிகளின் தரவில் உருவாக்கப்பட்டு, வேறு 22,361 பேரிடம் சரிபார்க்கப்பட்ட முறை இது. எட்டு விவரங்கள், மொத்தம் 21 புள்ளிகள். மூன்றோ அதற்குக் குறைவோ பெற்றவர்களில் இறந்தோர் சுமார் 1 சதவீதம். 15ஓ அதற்கு மேலோ பெற்றவர்களில் சுமார் 62 சதவீதம். எட்டில் ரத்தப் பரிசோதனை வேண்டுவன இரண்டே: யூரியா, சி.ஆர்.பி. மற்றவை வயது, பாலினம், இணைநோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, நினைவுத் தெளிவு. 80 வயது கடந்தவருக்கு வயதுக்காக மட்டும் 7 புள்ளிகள். சி.ஆர்.பி. எவ்வளவு ஏறினாலும் அதிகபட்சம் 2 புள்ளிகள்தான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும், ஒரு நிமிடம் பொறுமையாக மூச்சை எண்ணுவதும் விலையுயர்ந்த பரிசோதனைகளுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

2021இல் கோவிட்டின் இரண்டாம் அலையில் இந்தியாவில் இந்த முன்னுரிமை தலைகீழானது. லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களும் இந்த ரத்தப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டார்கள். சற்றே உயர்ந்த எண்ணைக் கண்டு பயந்து ஸ்டீராய்டு தொடங்கியவர்களும் உண்டு. லேசான நோய்க்கு இவை தேவையில்லை என்று எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா அந்த மே மாதமே எச்சரித்தார். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸாமெதசோன் பலன் தரவில்லை என்பதை ‘ரெகவரி’ ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டிலேயே காட்டியிருந்தது.

நோய் தொடங்கும் முன்பே ரத்தத்தில் இருக்கக்கூடிய ஒரு குறிப்பானும் உண்டு. ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ழான்-லோரான் கசனோவா குழுவினர் 2020இல், உயிராபத்தான கோவிட் நிமோனியாவோடு இருந்த 987 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 101 பேரின் ரத்தத்தில், வைரஸைத் தடுக்கும் முதல் அரணான இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிரணுக்கள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். கடுமையான ஃப்ளூ நோயாளிகள் சிலரிடமும் இதே எதிரணுக்கள் பின்னர் கண்டறியப்பட்டன.