ஒரு பொருள், பல வேலை: கையில் இருப்பதைக் கொண்டு வீட்டை நடத்துவோம்



2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டை விட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. அதற்கு முந்திய மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. சம்பளம் அதன் பின்னர் கூடியிருக்கிறது. ஆனால் அன்று ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை என்பது பசறை, ஹாலி-எல, பண்டாரவளை சந்தைக்குப் போய் வரும் நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிலையில் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளிடமும் நாம் இரண்டாவது வேலையும் மூன்றாவது வேலையும் வாங்க வேண்டியிருக்கிறது. இது கஞ்சத்தனம் அல்ல. நம் பாட்டிமார் லயத்துக் காம்பராவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது இந்தக் கெட்டித்தனத்தால்தான். அதில் சில முறைகளை இன்று நாம் அறிந்தவற்றோடு சேர்த்துப் பார்ப்போம்.

அடுப்புச் சாம்பல்

கவ்வாத்து மிலாறு எரித்த சாம்பலைக் கானில் கொட்டிவிடாதீர்கள். பாத்திரம் துலக்கத் தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போதும். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் போய்விடும். சலித்த சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நம் பக்கத்து மண் பெரும்பாலும் புளித்த மண். ஆகவே போஞ்சி, கோவா, பீட்ரூட் பாத்திகளில் சாம்பலை மெல்லியதாகத் தூவினால் நல்ல பலன் தரும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் வேண்டாம், கிழங்கில் சொறி விழும். யூரியாவோடு சேர்த்தும் போடாதீர்கள். உரத்தின் சத்து காற்றோடு போய்விடும்.

விதைக்கு எடுத்துவைக்கும் கௌபியையும் போஞ்சியையும் நன்றாகக் காயவைத்து, உலர்ந்த சாம்பலில் புரட்டி மூடிவைத்தால் வண்டு அரிப்பது குறையும். ஒன்றை மறக்க வேண்டாம்: பிளாஸ்டிக், ரெஜிபோம் எரித்த அடுப்பின் சாம்பல் எதற்கும் ஆகாது.

பழைய சேலை

பழைய நூல் சேலை தொட்டிலாகிறது, தலைத்துணியாகிறது, கைபிடித் துணியாகிறது. அதற்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு. வங்காளதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் 65 கிராமங்களை எடுத்து ஓர் ஆய்வு நடந்தது. அங்குள்ள பெண்கள் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடிகட்டினார்கள். அப்படி வடிகட்டிக் குடித்த குடும்பங்களில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2003 இல் இந்த முடிவு வெளியானது. துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த பழைய துணியே புதியதை விட நன்றாக வடிகட்டும் என்பதும் தெரிய வந்தது. வாந்திபேதிக் கிருமி தண்ணீரிலுள்ள மிகச் சிறிய உயிர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மடித்த துணி அவற்றைத் தடுத்துவிடுகிறது.

பீலித் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் மழைக்குக் கலங்கிவரும் நாட்களில் நாமும் இதைச் செய்யலாம். ஆனால் எல்லாக் கிருமியும் துணியில் நிற்காது. வடிகட்டிய பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வடித்த துணியை அலசி வெயிலில் உலர்த்துங்கள்.

உப்பும் சீனியும்

உப்பு வெறும் சுவைக்கு மட்டுமல்ல. வெதுவெதுப்பான ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்தால் தொண்டைக் கரகரப்பு தணியும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் அதே உப்பு உயிர் காக்கும். கடையில் ஜீவனி கிடைத்தால் நல்லது. நடுச்சாமத்தில் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். அளவு தவறக்கூடாது, உப்புக் கூடினால் ஆபத்து. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பிள்ளையின் கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தேயிலையும் தேசிக்காயும்

சாயம் வடித்த தேயிலைச் சக்கையைச் செடிக்கு எருவாகப் போடலாம். காயவைத்துச் சிறு துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சண வாடையை எடுக்கும். பிழிந்த தேசிக்காய்த் தோலை உப்பில் தொட்டுத் தேய்த்தால் பித்தளை விளக்குப் பளபளக்கும். கேத்தலின் உள்ளே படிந்த வெள்ளைக் காரையும் அதைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கழன்று வரும்.

இவை இரண்டையும் பற்றி முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும். தேசிக்காய்ப் புளியோ அந்தச் சத்தைச் சேர உதவும். ஆகவே வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக் கீரைக்குத் தேசிக்காய் விடுங்கள். தேத்தண்ணீரைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரத்தச் சோகையுள்ள பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது செலவில்லாத மருந்து மாதிரி. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் தேத்தண்ணீரோடு விழுங்கக்கூடாது.

சிரட்டை

சிரட்டை அகப்பையாகும், அளவையாகும், நாற்றுச் சட்டியாகும், ஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கரியாகும். ஆனால் வெளியே மல்லாக்கக் கிடந்தால் டெங்கு நுளம்புக்கும் தொட்டிலாகும். உடனே எடுக்காத சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்.

மீன் டின்: நம் வீட்டு மழைமானி

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை ஊவாவில் யாரும் மறக்க முடியாது. மலைச் சரிவில் வாழும் நமக்கு, எவ்வளவு மழை பெய்தது என்று தெரிந்திருப்பது உயிர் விஷயம். இதற்கு வெறும் மீன் டின் ஒன்று உதவும்.

425 கிராம் மீன் டின் ஏறக்குறைய 11 சென்டிமீற்றர் உயரம். மேல்மூடியை முழுதாக எடுத்து, கழுவி, கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத வெட்டவெளியில் ஆடாமல் மட்டமாக வையுங்கள். வாய் எவ்வளவு அகலம் என்பது முக்கியமில்லை. அடியும் வாயும் ஒரே அளவாக இருந்தால் போதும். பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுத் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் கொட்டிவிடுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்க்கும் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற வேண்டும். டின் நிறைந்து வழிந்தால் 100 தாண்டிவிட்டது என்று அர்த்தம். கொட்டிவிட்டு மீண்டும் வைத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், இறுகிப்போன கதவு, திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றில் எதைக் கண்டாலும் டினைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இரண்டாவது வேலை கொடுக்கக்கூடாத பொருட்கள்

மருந்தடிக்கும் கேன், களைநாசினிப் போத்தல் ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் எடுக்கக்கூடாது. ஓட்டை போட்டுத் தோட்டத்து நிர்வாகத்திடமே திருப்பிக் கொடுங்கள். உரச் சாக்கில் அரிசி, மா போடக்கூடாது. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 1990 க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மிச்சம் பிடிப்பது யாருக்காக?

சாம்பல் சலிப்பதும் துணி வடிகட்டுவதும் அம்மாவின் தலையில் மட்டும் விழுந்தால் அது சிக்கனம் ஆகாது. பிரட்டுக்குப் போய், கொழுந்தெடுத்து, வந்து சமைக்கிறவளின் தூக்கமும் ஒரு செலவுதான். மழைமானியைப் பார்க்கும் வேலையை மகனிடமும், சிரட்டை கவிழ்க்கும் வேலையை வீட்டுக்காரரிடமும் கொடுங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்று மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

வீட்டில் நாம் சிக்கனமாக இருப்பதால் நியாயமான சம்பளத்தைக் கேட்கும் உரிமை குறைந்துவிடாது. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். இப்படி மிஞ்சும் பணத்தை ஒரு டின்னில் தனியாகப் போட்டு வாருங்கள். அடுத்த தவணைக்குப் பிள்ளையின் கொப்பி வாங்கக் கடன் கேட்டு நிற்க வேண்டியிராது.