வீடு ஒரு நாட்டில், பணி ஒரு நாட்டில்

பொருள் தேடும்பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்வது தமிழருக்குப் புதியதன்று. சங்கப் புலவர் அப்பிரிவைப் பாலைத் திணையில் வைத்துப் பாடினர். பொருள்வயிற் பிரிவு என்று இலக்கணம் அதற்குப் பெயர் தந்தது. அன்று பிரிந்த தலைவன் கார்காலத்தில் மீண்டான். இன்றோ, ஒரு நாட்டில் குடியிருந்துகொண்டு, திங்களுக்குச் சில முறை மற்றொரு நாட்டுக்குச் சென்று பணிபுரிந்து மீள்வோர் இருக்கின்றனர். அவர்களுள் விமானிகள் ஒரு தனி வகையினர். அவர்களுடைய பயணத்தைப் பற்றி நாமும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், அவர்கள் உறங்கி எழுந்து வந்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்திருப்பது அவர்கள் உயிர் மட்டுமன்று. பின்னே அமர்ந்திருக்கும் நம் உயிருமாகும்.

எல்லை கடந்து பணிக்குச் செல்வது எத்தகையது என்பதை விழுப்புரம் மாவட்டத்துக் குயிலாப்பாளையம் போன்ற ஊர்கள் முன்பே அறிந்திருந்தன. இவ்வூர் புதுவைக்கு மிக அண்மையில் உள்ளது. ஆயினும், புதுவை பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் நிருவாகத்திற்கு மாறிய 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில், இவ்விரண்டிற்கும் இடையே இரண்டு அரசுகளின் எல்லை இருந்தது. அவ்வெல்லையும் ஒரே கோடாக ஓடவில்லை. புதுவைக்குரிய நிலங்கள் தென்னார்க்காட்டு ஊர்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடந்தன. சில கல் தொலைவு நடந்தாலே வேறு ஆட்சி, வேறு சட்டம், வேறு சுங்கச் சாவடி. 1968இல் அருகே ஆரோவில் தோன்றியபின், பல நாட்டு மக்கள் இவ்வூர்ப் பக்கம் வந்து குடியேறினர். இதனால், இங்கே அயல்நாடு என்பது படத்தில் மட்டும் காண்பதாக இல்லை.

இனி விமானியின் செய்திக்கு வருவோம். ஒவ்வொரு விமானிக்கும் அவருடைய நிறுவனம் ஒரு விமான நிலையத்தைத் தாய்த்தளமாகக் குறித்துக் கொடுக்கும். அவருடைய பணி அங்கே தொடங்கி அங்கேயே முடியும். அங்கே அவருக்குத் தங்குமிடம் தரும் கடமை இயல்பாக நிறுவனத்திற்கு இல்லை. வேறோர் ஊரிலிருந்து விமானத்தைச் செலுத்தி வரும்படி நிறுவனமே அவரைப் பயணியாக ஏற்றி அனுப்பினால், அந்தப் பயண நேரம் பணி நேரத்தில் சேரும். ஆனால் அவர் தம் வீட்டிலிருந்து தாய்த்தளத்திற்கு வரும் நேரம் பணியில் சேராது. அது கால் மணியாயினும் பத்து மணியாயினும் கணக்கு ஒன்றே. சட்டத்தின் ஏட்டில் அது ஓய்வு நேரம். விமானியின் உடம்பில் அது உழைப்பு.

அப்படியிருக்கத் தாய்த்தளத்தின் அருகிலேயே குடியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். காரணங்கள் பல. மனைவியோ கணவரோ வேறு நாட்டில் பணிபுரிவர். பிள்ளைகளின் பள்ளி அங்கே இருக்கும். முதிய பெற்றோரைப் பெயர்த்துக் கொண்டுவர இயலாது. நிறுவனம் தாய்த்தளத்தை மாற்றும்போதெல்லாம் குடும்பமும் மாற முடியாது. இளம் விமானியின் ஊதியம் பெருநகர வாடகைக்குப் போதாமலும் போகலாம். மேலும், ஒரு நாடு தன் விமானப் போக்குவரத்தை விரைவாகப் பெருக்கும்போது அயல்நாட்டு விமானிகளை அழைக்க நேர்கிறது. 2003க்குப் பின் இந்தியாவில் புதிய நிறுவனங்கள் தோன்றியபோது, அயல்நாட்டுத் தலைமை விமானிகள் பலர் இங்கே வந்தனர். சில வாரம் தொடர்ந்து பணி, பின்னர்ச் சில நாள் தம் நாட்டில் விடுப்பு என்ற முறையில் அமைந்த ஒப்பந்தங்களும் இத்தொழிலில் உண்டு.

உரிமம் பற்றியும் ஒரு சொல். 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ளதோ அந்த நாடு தந்த அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் அதன் விமானியிடம் இருத்தல் வேண்டும். குடியிருக்கும் நாடு எதுவாயினும் இவ்விதி மாறாது.

தொலைவைக் கல்லால் அளப்பதா, மணியால் அளப்பதா என்பது அடுத்த கேள்வி. குயிலாப்பாளையத்தில் வீடுடைய ஒரு விமானிக்குச் சென்னை தாய்த்தளம் என்று வைத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர்; சாலை வழியே மூன்று மணி நேரம் ஆகலாம். கொழும்பில் வீடுடைய மற்றொருவருக்கும் சென்னையே தாய்த்தளம் என்போம். கடலுக்கு அப்பாலுள்ள அவருடைய வான்வழிப் பயணம் ஒன்றரை மணியளவே. அவர் அயல்நாட்டார், முன்னவர் உள்ளூரார். எனினும் வான்வழி நேரத்தில் அயல்நாட்டாருக்கே வழி குறுகியது!

ஆனால் இதனோடு கணக்கு முடிவதில்லை. கொழும்பு விமானி கட்டுநாயகாவுக்குச் செல்லவேண்டும். குடியகல்வுச் சோதனை, குடிநுழைவுச் சோதனை இரண்டையும் கடக்கவேண்டும். விமான ஊழியர்க்குரிய சலுகைச் சீட்டில் வருபவராயின், பயணிகள் எல்லாரும் ஏறியபின் இடம் எஞ்சினால்தான் அவருக்கு இடம். எஞ்சாவிட்டால் அடுத்த விமானத்திற்குக் காத்திருக்கவேண்டும். சாலையில் வருபவர் ஒரு மணி முன்னதாகப் புறப்பட்டுத் தாமதத்தை ஈடுசெய்யலாம். வான்வழி வருபவரோ, முதல் நாளே வந்து சேர்ந்து தாய்த்தளத்தின் அருகில் உறங்கினாலன்றி, காலத்திற்கு உறுதி கூற இயலாது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனத்தின் வழிகாட்டுரை இங்கே பயன்படும். வீட்டிலிருந்து தாய்த்தளத்திற்கு வழக்கமாக 90 நிமிடங்களுக்கு மேல் ஆகுமாயின், தாய்த்தளத்தின் அருகே தற்காலிகத் தங்குமிடம் ஒன்றை அமைத்துக்கொள்ள விமானி எண்ண வேண்டும் என்பது அது. அந்த அளவுகோல் நாட்டின் எல்லையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்க்கிறது. அதன்படி குயிலாப்பாளையத்தாரும் கொழும்பினரும் ஒரே வரிசையில் நிற்பவரே.

உறக்கத்தைப் பற்றி இவ்வளவு கவலை ஏன்? மனித உடம்பினுள் இரவு பகல் அறியும் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை நம் விழிப்பு மிகத் தாழ்ந்து நிற்கும் என்று விமானப் பணி விதிகள் கொள்கின்றன. கண்டம் விட்டுக் கண்டம் வருபவருக்கு இக்கடிகாரம் வந்த நாட்டு நேரத்திற்கு உடனே திரும்புவதில்லை. இடைவிடாமல் 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு மது கலந்தவரின் திறனுக்கு ஒப்பாகத் தாழ்கிறது என்று 1997இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. மது அருந்தியவரை மோப்பத்தால் அறியலாம். உறங்காதவரை அறிய அத்தகைய கருவி இல்லை.

2009ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, அமெரிக்காவில் நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் நிறுவனத்தின் விமானம் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் தரையிலிருந்த ஒருவரும் மாண்டனர். விமானிகள் இருவருக்கும் நியூவர்க்கே தாய்த்தளம். ஆனால் தலைமை விமானியின் வீடு தெற்கே புளோரிடாவில் இருந்தது. துணை விமானியின் வீடு மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் பக்கம் இருந்தது. அங்கிருந்து நியூவர்க் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். குமரிக்கும் காச்மீரத்திற்கும் உள்ள தொலைவினும் மிகுதி. துணை விமானி முதல் நாள் மாலை புறப்பட்டு, இடையே மெம்பிசில் விமானம் மாறி, இரவெல்லாம் பயணம் செய்து காலையில் வந்து சேர்ந்தார். தலைமை விமானி விமான நிலையத்துப் பணியாளர் அறையில் இரவைக் கழித்தார். வேகம் குறைந்ததென்று கருவி எச்சரித்தபோது தலைமை விமானி செய்த தவறான செயலே விபத்திற்குக் காரணம் என்று விசாரணை முடிவு கூறிற்று. களைப்பும் இருவருடைய திறனைக் குறைத்திருக்கக்கூடும். ஆனால் எவ்வளவு என்று அறுதியிட இயலவில்லை என்றும் அது சொல்லிற்று.

அதன்பின் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி, பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வும், அதனுள் எட்டு மணி நேரம் இடையூறின்றி உறங்க வாய்ப்பும் வேண்டும் என்றது. ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும், தாம் பணிக்குத் தகுதியான நிலையில் இருப்பதாக விமானி உறுதி கூறவும் வேண்டும். ஆனால் வீட்டின் தொலைவுக்கு அது வரம்பு இடவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்தும் உறங்காதவர் உண்டு. பன்னூறு கல் கடந்து வந்தும் நன்கு உறங்கியவர் உண்டு அல்லவா? இந்தியாவிலும் 2024இல் வெளியான புதிய விதிகள் வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. அவை 2025இல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தபோது, விமானிகள் போதாமல் டிசம்பர்த் திங்களில் ஆயிரக்கணக்கான பயணங்கள் நின்றுபோயின. விதிகளில் சிலவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தவும் நேர்ந்தது. ஓய்வுக்கும் விலை உண்டு என்பதை நாடு அன்று கண்டது.

உழைப்புக்கு நேர வரம்பு வேண்டும் என்பது குயிலாப்பாளையத்திற்கு அண்மையிலேயே குருதி சிந்திப் பெறப்பட்ட உண்மை. 1936 ஜூலை 30ஆம் நாள் புதுவைச் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. ஆலையில் சங்கு ஊதியவுடன் வேலை நேரம் தொடங்கிற்று. அதனை எண்ணுவது எளிது. விமானிக்கு அத்தகைய சங்கு இல்லை. அவருடைய களைப்பு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. அதனை எண்ணும் கடமையை விமானியிடம் மட்டும் விடுவது முறையன்று. தாய்த்தளத்தில் உறங்க ஓர் அறை, உரிய காலத்தில் அறிவிக்கப்பட்ட பணி அட்டவணை, களைத்திருக்கிறேன் என்று சொல்பவரின் ஊதியத்தைக் குறைக்காத நெறி ஆகிய மூன்றையும் நிறுவனம் தருதல் வேண்டும். அவை இருந்தால், வீடு எந்த நாட்டில் இருந்தாலும் விமானி தெளிந்த கண்ணோடு தம் இருக்கையில் அமர்வார்.